சோனிக் ஆட வருகிறீர்களா? ஓடுவதற்கு முன் உருளப் பழகுங்கள்

என் அக்கா மகனுக்குப் பத்து வயது. கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன், என் கணினியில் 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்' இருப்பதைப் பார்த்துவிட்டு, "இது அந்த வேகமா ஓடுற நீலக்கலர் ஆளுதானே?" என்று ஆர்வமாக உட்கார்ந்தான். வலது பக்கப் பொத்தானில் வைத்த கட்டைவிரலை அவன் எடுக்கவே இல்லை. வழியில் மிதக்கும் தங்க வளையங்களை, அதாவது ரிங்குகளை, சரசரவென்று முப்பதுக்கு மேல் சேர்த்தான். அடுத்த நொடி எதிரே நின்ற நண்டு ரோபோவின் மேல் போய் முட்டினான், சேர்த்த ரிங்கெல்லாம் நாலாபுறமும் சிதறின. பதறிப்போய் இன்னும் வேகமாக ஓடினான், முள்ளில் விழுந்து செத்தான். மூன்று உயிரும் முதல் களத்திலேயே காலி.

"மாமா, வேகமா ஓடுற கேம்னு சொன்னாங்க. ஓடினா சாவுறானே?"

நியாயமான கேள்வி. 1991-இல் இந்த ஆட்டம் வந்தபோது சேகா நிறுவனம் செய்த விளம்பரமெல்லாம் வேகம், வேகம் என்றுதான் இருந்தது. ஆனால் ஆட்டத்துக்குள் வேகத்தை யாரும் நம் கையில் கொடுத்துவிடுவதில்லை. பாலம் ஏறுவதற்கு முன்னால் சைக்கிளை மிதித்து வேகம் கட்டுவோமே, அது மாதிரி நாமே கட்டிக்கொள்ள வேண்டும். எங்கே மிதிப்பது, எங்கே சும்மா விடுவது என்று தெரியாதவன் பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளுவான். அந்த மிதிப்பைச் சொல்லிக் கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை. இதுவரை சோனிக்கைத் தொட்டதே இல்லை என்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதில் ஆடுவது

அசல் ஆட்டம் சேகாவின் 16-பிட் மெகா டிரைவ் கன்சோலுக்காக வந்தது. அமெரிக்காவில் அதே பெட்டிக்கு ஜெனிசிஸ் என்று பெயர். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. மஞ்சள் கேட்ரிட்ஜைச் செருகி ஆடிய 'டிவி கேம்' பெரும்பாலும் நிண்டெண்டோ ஃபாமிகாமின் நகல்தான், அதனால் நமக்கு மாரியோ உறவினர், சோனிக் பக்கத்து ஊர்க்காரர்.

இன்று மெகா டிரைவ் தேடி அலைய வேண்டியதில்லை. 2013-இல் கைப்பேசிக்காகப் புதிதாகக் கட்டிய பதிப்பு ஒன்று வந்தது. அகலத்திரைக்கு ஏற்றது, சீராக ஓடும். 2022-இல் வந்த 'சோனிக் ஆரிஜின்ஸ்' தொகுப்பு கணினியிலும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் கன்சோல்களிலும் கிடைக்கிறது. ஆரிஜின்ஸில் ஆடுவதாக இருந்தால் 'ஆனிவர்சரி' முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் உயிர்க் கணக்கே கிடையாது, எத்தனை முறை செத்தாலும் ஆட்டம் முடியாது. பழகுகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? பிறகு 'கிளாசிக்' முறைக்கு வரலாம்.

கைப்பேசித் திரையில் விரலால் ஆடினாலும் சமாளிக்கலாம், ஏனென்றால் இந்த ஆட்டத்துக்குத் தேவையானது திசையும் ஒரே ஒரு குதிக்கும் பொத்தானும்தான். அசல் கட்டுப்பாட்டுக் கருவியில் ஏ, பி, சி என்று மூன்று பொத்தான் இருந்தும் மூன்றும் குதிக்கத்தான். ஆனாலும் ஒரு சாதாரண புளூடூத் கேம்பேட் இருந்தால் நிம்மதி. வழுக்கும் கண்ணாடியில் 'கீழே' என்ற திசையைச் சரியான நேரத்தில் அழுத்துவது கடினம், இந்த ஆட்டத்தின் உயிரே அந்தக் 'கீழே' தான்.

பழைய கன்சோலிலோ சேகரிப்புப் பதிப்பிலோ ஆடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் இந்த ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மந்தமாக ஓடும், பாட்டும் இழுத்துப் பாடும். 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்.

அப்புறம், ஸ்பின் டாஷ். நின்ற இடத்திலேயே சுருண்டு சுழன்று அம்புபோலப் பாயும் வித்தை அது. 1992-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அறிமுகமானது, முதல் பாகத்தின் அசலில் இல்லை. கைப்பேசிப் பதிப்பிலும் ஆரிஜின்ஸிலும் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு களங்கள் முடியும்வரை அதைத் தொடாதீர்கள் என்பது என் கட்சி. தொட்டுவிட்டால் மேடு பள்ளத்தை வாசிக்கும் பழக்கம் வராது.

இது முள்ளம்பன்றி அல்ல

தமிழில் பலரும் சோனிக்கை முள்ளம்பன்றி என்று எழுதுகிறார்கள். தவறு. ஹெட்ஜ்ஹாக் என்பது முள்ளெலி. நம் தென்மாவட்ட வறண்ட காடுகளிலும் இருக்கிறது, உயிரியலில் மதராஸ் முள்ளெலி என்றே அதற்குப் பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆபத்து என்றால் முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து நிற்கும். முள்ளெலி தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு முழுப் பந்தாகச் சுருண்டுவிடும், எந்தப் பக்கம் தொட்டாலும் குத்தும்.

இதை ஏதோ பொது அறிவுக்காகச் சொல்லவில்லை. ஆட்டத்தின் முதல் விதியே இதுதான்: சோனிக் சுருண்டிருந்தால் அவனே ஆயுதம், நிமிர்ந்திருந்தால் அவன் இரை. சேகாவில் முதலில் யோசித்த நாயகன், நீண்ட காதால் பொருள்களைப் பற்றி எறிகிற ஒரு முயல். எடுப்பது, குறிவைப்பது, எறிவது என்று ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று போனால் ஓட்டம் அறுந்துபோகும் என்று அதைக் கைவிட்டார்கள். ஓடிக்கொண்டே தாக்குகிற விலங்கு வேண்டும் என்றபோதுதான் சேகாவின் ஓவியர் நவோத்தோ ஓஷிமா வரைந்த முள்ளெலி பொருந்தியது. குதித்தால் பந்து, ஓட்டத்தில் கீழே அழுத்தினால் பந்து. தாக்குவதற்குத் தனிப் பொத்தான் ஏன் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

முதல் பத்து நிமிடம்: கிரீன் ஹில்லில் பயிற்சி

ஆட்டம் கிரீன் ஹில் களத்தில் தொடங்குகிறது. தென்னை போன்ற மரங்கள், பின்னால் அருவி, பழுப்புக் கட்டம் போட்ட மண். ஒவ்வொரு களத்துக்கும் மூன்று பகுதி, அவற்றை 'ஆக்ட்' என்பார்கள். முதல் ஆக்ட்டை முடிக்க வேண்டும் என்று இப்போதைக்கு நினைக்காதீர்கள். அதை ஒரு மைதானமாக வைத்துக்கொண்டு கீழே சொல்வதைச் செய்து பாருங்கள்.

முதலில் சும்மா நில்லுங்கள். சிறிது நேரத்தில் சோனிக் உங்களைப் பார்த்துக் காலைத் தட்டுவான். தட்டட்டும். இந்த ஆட்டத்தில் நிற்பதற்குத் தண்டனை இல்லை என்பது மனதில் பதிய வேண்டும். ஓர் ஆக்ட்டுக்கு 10 நிமிடம் அவகாசம் இருக்கிறது. கிரீன் ஹில்லுக்கு அதில் கால்வாசிகூட ஆகாது.

அடுத்தது குதிப்பது. பொத்தானைத் தட்டி உடனே விட்டால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். இரண்டையும் பத்துப் பத்து முறை செய்யுங்கள். காற்றில் இருக்கும்போது இடது வலது அழுத்தினால் திசை திரும்பும், அதையும் பாருங்கள். எதிரியின் தலையில் சுருண்டு விழுந்தால் அது உடைந்து, உள்ளே அடைபட்டிருந்த முயலோ பறவையோ வெளியே துள்ளி ஓடும். எதிரிமேல் பட்டு எம்பும்போதும் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் உயரம் கிடைக்கும்.

இனி முக்கியமான பாடம். சமதளத்தில் கொஞ்சம் ஓடிவிட்டு, கீழே அழுத்துங்கள். சோனிக் சுருண்டு உருளுவான். இப்போது வலது பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஏனென்றால் உருளும்போது காலே இல்லை, உந்துவதற்கு எதுவுமில்லை. அதே வேலையை ஒரு சரிவின் உச்சியிலிருந்து இறங்கும்போது செய்து பாருங்கள். பிய்த்துக்கொண்டு போவான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அசல் ஆட்டத்தில் வலது பொத்தானை அழுத்தியபடி ஓடினால் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் அந்த வரம்புக்கு மேல் போனவுடன் ஆட்டம் அவனைப் பிடித்து இழுத்துவிடும். உருளுகிறவனுக்கு அந்த வரம்பு இல்லை. ஆக, என் அக்கா மகன் செய்ததுபோல் வலது பொத்தானை விடாமல் அழுத்துகிறவர், வேகத்தின் ஆசையில் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார். ஏற்றத்தில் ஓடுங்கள், இறக்கத்தில் உருளுங்கள். உருளும்போது எதிரே எது வந்தாலும் அனேகமாக உடையும், எனவே வேகத்தோடு பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கிறது. இந்தக் களத்தில் சில சுவர்கள்கூட உருண்டு மோதினால் இடிந்து வழிவிடும்.

இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. உருண்டுகொண்டிருக்கும்போது குதித்தால் காற்றில் திசை மாற்ற முடியாது. எறிந்த கல் மாதிரி போய் விழ வேண்டியதுதான். முள்ளும் குழியும் இருக்கிற இடத்தில் பலரும் சாவது இதனால். "பொத்தான் வேலை செய்யல" என்று கேம்பேடைத் திட்டுவார்கள். வேலை செய்கிறது, நீங்கள் உருண்டபடி குதித்திருக்கிறீர்கள்.

கடைசியாக வட்டச் சுற்று. சோனிக் படத்தில் எல்லாம் பார்த்திருப்பீர்களே, அந்தத் தலைகீழ் வளையப் பாதை. போதிய வேகம் இல்லாமல் நுழைந்தால் பாதியில் வழுக்கி வந்த பக்கமே இறங்கிவிடுவான். பதறாமல் பின்னால் போய், தூரம் எடுத்து ஓடி வாருங்கள். சுற்றுக்குள் இருக்கும்போது குதிக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள், தொட்டால் பாதையிலிருந்து பிய்ந்து விழுவான்.

இதை எல்லாம் செய்து பார்த்த பிறகு ஆக்ட்டை முடியுங்கள். கடைசியில் ஒரு பலகை சுழன்று, வில்லன் ரோபோட்னிக்கின் முகம் மறைந்து சோனிக்கின் முகம் தெரியும்.

ரிங் என்பது சேமிப்பு அல்ல

கையில் ஒரு ரிங் இருந்தாலும் அடிபட்டால் உயிர் போகாது. ஒன்றுகூட இல்லாமல் அடிபட்டால் போய்விடும். அடிபட்டவுடன் எல்லா ரிங்கும் சிதறும், அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 80 ரிங் வைத்திருந்தாலும் தரையில் சிதறுவது அதிகபட்சம் 32 தான், மீதி காற்றோடு போயிற்று. சிதறியவையும் சில நொடிகளில் மறையும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, சிதறிய அத்தனையையும் பொறுக்கப் பாய்வது. ஒன்றிரண்டு போதும், எடுத்துக்கொண்டு நகருங்கள். அடிபட்டபின் உடம்பு மின்னும் அந்த இரண்டு நொடியில் எதிரி தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் முள் மட்டும் விதிவிலக்கு. அசல் பதிப்பில் மின்னிக்கொண்டிருக்கும்போது முள்ளில் மறுபடி விழுந்தால் உயிர் போகும். அடிபட்டுத் தெறித்து அடுத்த முள்வரிசையில் விழுந்து சாவதைப் பார்த்துக் கோபம் வரும். எனக்கு இன்னும் வருகிறது. அந்த நேரத்தில் ரிங்கை மறந்து தரையைப் பாருங்கள்.

100 ரிங் சேர்ந்தால் ஓர் உயிர், 200-க்கு இன்னொன்று. ஆக்ட் முடிந்ததும் எண்ணிக்கை பூஜ்ஜியம். வழியில் தொலைக்காட்சிப் பெட்டி மாதிரி இருப்பவற்றை உடைத்தால் 10 ரிங், ஓர் அடியைத் தாங்கும் கவசம், கொஞ்ச நேரம் யாராலும் தொட முடியாத நிலை, வேகக் காலணி, கூடுதல் உயிர் என்று ஏதாவது கிடைக்கும். வேகக் காலணி கிடைத்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. தெரியாத பாதையில் அது பிரேக் இல்லாத வண்டி. விளக்குக் கம்பத்தை மட்டும் எங்கே பார்த்தாலும் தட்டிவிட்டுப் போங்கள். நீலக் குமிழ் சிவப்பானால், செத்தாலும் அங்கிருந்தே தொடங்கலாம்.

களங்கள்: எங்கே நிதானம், எங்கே ஓட்டம்

கிரீன் ஹில் முடிந்ததும் வருவது மார்பிள். இடிந்த கோயில் மாதிரி, நிலத்தடியில் எரிகுழம்பு. கிரீன் ஹில்லில் பறந்தவர்களுக்கு இங்கே முகம் சுருங்கும், ஏனென்றால் ஓடவே இடம் இல்லை. கல்லைத் தள்ளி எரிகுழம்பில் போட்டு அதன்மேல் ஏறி மிதந்து போக வேண்டும், சங்கிலியில் தொங்கும் முள்கூரை ஏறும்போது அடியில் நுழைய வேண்டும். இரண்டு முறை அது ஏறி இறங்குவதை நின்று பாருங்கள், மூன்றாவதில் போங்கள். கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு ரோபோ வரும். உடம்பெல்லாம் முள், தலையில் மட்டும்தான் அடிக்கலாம். அது உங்களை நோக்கி ஊர்ந்து வரும்வரை காத்திருந்து தலையில் இறங்குங்கள். மார்பிளைப் பிடிக்காதவர்கள் நிறைய. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் பொறுமை பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

ஸ்பிரிங் யார்டு இரவு நகரம். ஸ்பிரிங், தொட்டால் தள்ளிவிடும் குமிழ், வாழைத்தண்டைப் பிளந்து வைத்த மாதிரி அரைவட்டக் குழிகள். உருளும் பாடத்துக்குப் பலன் இங்கேதான். குழிக்குள் இறங்கும்போது உருண்டால் எதிர்க்கரையில் உயரத்துக்கு எகிறுவீர்கள். ஊஞ்சல் ஆடுவதுபோல் இங்கும் அங்குமாக இரண்டு மூன்று முறை போய்வந்தால் உயரம் கூடும். மேலே நல்ல சாமான்கள் இருக்கும், தேடிப் போவதில் நேரம் கரைவது தெரியாது. 9 நிமிடம் தாண்டியதைக் கவனிக்காமல் விட்டால், 10 ஆனதும் ரிங் இருந்தாலும் உயிர் போகும்.

லேபிரிந்த்: மூச்சைக் கணக்கிடுங்கள்

நான்காவது களம். பாதிப்பேர் ஆட்டத்தை மூடிவைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பகுதி தண்ணீருக்கடியில். ஓட்டம் மந்தமாகும், குதித்தால் மிதந்து மிதந்து இறங்குவான். அதைவிட முக்கியம், சோனிக்குக்கு நீச்சல் தெரியாது. ஒரு மூச்சில் 30 நொடி தாங்குவான். இடையில் ஐந்து நொடிக்கொரு முறை மணி ஒலிக்கும். பிறகு பாட்டு மாறி, வேகம் பிடித்துக்கொண்டே போகும் ஒரு தாளம் கேட்கும், தலைக்கு மேல் 5, 4, 3 என்று எண் வரும். பூஜ்ஜியத்துக்குப் பிறகு மூழ்கிச் சாவான். அந்தத் தாளம் ஒரு தலைமுறையையே தூக்கத்தில் எழுப்பிய சத்தம். எங்கள் வீட்டுப் பையன் முகம் கழுவும்போது அதை முனகுவதாக அக்கா போனில் புகார் சொன்னாள்.

தப்பிக்க இரண்டு வழி. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினால் மூச்சு முழுதாக நிரம்பும். இல்லாவிட்டால் தரையில் சில இடங்களில் குமிழ்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். சின்னக் குமிழ்களால் பயனில்லை. அவ்வப்போது பெரிய குமிழ் ஒன்று வரும், அதைத் தொட்டால் "ஹப்" என்று விழுங்கி மூச்சு புதிதாகும். ஆனால் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பேருந்துக்காக நிற்பதுபோல் நிற்க வேண்டும்.

இதற்கு நான் பையனுக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. முதல் மணி கேட்டதும் "அடுத்த மூச்சு எங்கே?" என்று யோசியுங்கள், அதற்குள் பயப்பட வேண்டாம். மூன்றாவது மணிக்குள் குமிழ் இடமோ நீர்மட்டமோ கண்ணில் படாவிட்டால், முன்னே தெரியாத பாதையில் பாயாமல், கடைசியாகப் பார்த்த குமிழுக்குத் திரும்புங்கள். குமிழ் இடத்தில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிற எதிரியை முதலில் தீர்த்துவிடுங்கள், மூச்சுக்காக நிற்கும் நேரத்தில் அடிபட்டால் வீண். பெரிய குமிழைக் கண்டதும் குதிக்கத் தேவையில்லை, வாய்ப்பக்கம் வரும்படி நின்றால் போதும். ஒரு குமிழை விழுங்கிய கையோடு கிளம்புங்கள். "இன்னொன்று வரட்டும்" என்று நிற்பதால் மூச்சு இரட்டிப்பாகாது, அதே 30 நொடிதான்.

சுவரிலிருந்து ஈட்டி நீளும், கல்முகங்கள் நெருப்பு துப்பும். எல்லாமே ஒரே சீரான தாளத்தில் நடப்பவை, பார்த்துவிட்டுப் போகலாம். அவசரம் காட்டுவது மூச்சு மட்டும்தான். நிதானமாகப் போகச் சொல்லும் பாதை, சீக்கிரம் போகச் சொல்லும் நுரையீரல், இரண்டுக்கும் நடுவே ஆடுவதுதான் லேபிரிந்த். என்னைக் கேட்டால் ஆட்டத்தின் மிகச் சிறந்த வடிவமைப்பு இது. களங்களை அமைத்தவர் ஹிரோகசு யசுஹாரா. நாலைந்து முறை மூழ்கியவர்கள் அவரைப் பற்றி வேறு மாதிரி பேசுவார்கள்.

இதற்குப் பிறகு வரும் ஸ்டார் லைட் பரிசு மாதிரி. நட்சத்திரம் மினுங்கும் நெடுஞ்சாலை, சுற்று மேல் சுற்று, மசாத்தோ நகாமுராவின் மெல்லிய இசை. ஓடுங்கள், உருளுங்கள், அனுபவியுங்கள். நடந்து வரும் வெடிகுண்டு ரோபோவை மட்டும் உடைக்க முடியாது. தள்ளி நின்று வெடிக்க விட்டு, சிதறும் துண்டுகளைத் தாண்டிப் போங்கள்.

கடைசிக் களம் ஸ்கிராப் பிரெயின் ஒரு தொழிற்சாலை. அறுக்கும் சக்கரம், திறந்துகொள்ளும் தரை, மின்சாரம், ஓடும் பெல்ட். இதுவரை கற்ற பொறுமை எல்லாம் இங்கே செலவாகும். இரண்டாம் ஆக்ட் முடிவில் ரோபோட்னிக் ஒரு பொத்தானை அழுத்த, கால்கீழ்த் தரை இடிந்து விழும். விழுந்து கண்விழித்தால் மூன்றாம் ஆக்ட், மறுபடியும் லேபிரிந்த் மாதிரியே தண்ணீர். "முடிந்தது என்று நினைத்தாயா?" என்று கேட்பதுபோல் இருக்கும்.

ரோபோட்னிக்கை அடிப்பது

முதல் மூன்று களத்திலும் ஸ்டார் லைட்டிலும், மூன்றாம் ஆக்ட் முடிவில் மீசைக்கார டாக்டர் ரோபோட்னிக் பறக்கும் கூண்டில் வருவார். ஜப்பானில் அவருக்கு எக்மேன் என்று பெயர். எங்கும் 8 முறை அடித்தால்தான் தோற்பார். சண்டைக்குப் போகும்போது கையில் ஒரு ரிங்காவது இருக்கட்டும், அடிபட்டாலும் அந்த ஒரே ரிங்கைத் திரும்பத் திரும்பப் பிடித்துச் சமாளிக்கலாம்.

கிரீன் ஹில்லில் சங்கிலியில் இரும்புக் குண்டைக் கட்டி ஆட்டுவார். குண்டு முழுதாக இறங்குவதற்கு முன்பே ஓரிரு அடி அடித்துவிடலாம். பிறகு பக்கத்து மேடையில் நின்று, குண்டு எதிர்ப்பக்கம் போகும்போது குதியுங்கள். மார்பிளில் எரிகுழம்புக்கு இருபுறமும் மேடை. நீங்கள் நிற்கும் மேடையில் நெருப்பு போட வருவார், அவர் கடந்து வரும்போது அடித்துவிட்டு மறுபக்கம் தாவுங்கள். ஸ்பிரிங் யார்டில் தரைக் கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போவார். தாமதித்தால் நிற்க இடமிருக்காது. ஸ்டார் லைட்டில் ஏற்றப்பலகையின் ஒரு முனையில் அவர் முள்குண்டு போடுவார், மறுமுனையில் நீங்கள் குதித்து ஏறினால் குண்டு எகிறி அவரையே தாக்கும். லேபிரிந்தில் சண்டையே இல்லை. தண்ணீர் மேலேறி வர, அவர் முன்னே தப்பி ஓட, நீங்கள் பின்னால் ஏறுங்கள். அவரை அடிக்கப் போய் நேரத்தைத் தொலைக்க வேண்டாம், மேலே போய்ச் சேர்ந்தால் போதும்.

ராட்சத ரிங்

ஒரு களத்தின் முதல் இரண்டு ஆக்ட்டுகளில் 50 ரிங்கோடு முடிவுப் பலகையைத் தாண்டினால் ஒரு பெரிய ரிங் சுழன்றுகொண்டிருக்கும். அதற்குள் குதித்தால் கனவு மாதிரி ஓர் உலகம், மொத்தமே மெதுவாகச் சுழலும். நடுவில் வண்ணக் கற்களுக்குள் ஒரு மரகதம். கற்களைத் தொடத் தொட நிறம் மாறி மறையும். 'கோல்' என்று எழுதிய கட்டையைத் தொட்டால் வெளியே தள்ளிவிடும். பொத்தானை வெறித்தனமாகத் தட்டுவதால்தான் பெரும்பாலும் அந்தக் கட்டையில் போய் விழுகிறோம். உலகம் சுழல்வதால் தானாகவே வழுக்கிப் போவீர்கள், குதிப்பதைக் குறைத்து, சரிவு மையத்தை நோக்கும்போது மட்டும் நகருங்கள். உள்ளே 50 ரிங் எடுத்தால் ஒரு 'கன்டினியூ', அதாவது எல்லா உயிரும் போனபின் ஆட்டத்தைத் தொடரும் வாய்ப்பு, கிடைக்கும். அசலில் சேமிக்கும் வசதியே இல்லாததால் அது பெரிய சொத்து.

மொத்தம் 6 மரகதம். ஸ்கிராப் பிரெயினில் இந்த வாய்ப்பு கிடையாது, அதற்கு முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பிட்ட களத்தை மட்டும் பழக வேண்டும் என்றால் அசல் மேற்கத்திய பதிப்பில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. தலைப்புத் திரையில் மேல், கீழ், இடது, வலது என்று அழுத்துங்கள், ரிங் எடுத்த ஓசை கேட்கும். பிறகு ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால் களப் பட்டியல் வரும். லேபிரிந்தில் தடுமாறியவர்கள் நேரே அங்கே போய்க் குமிழ்களோடு பழகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்தால் ஃபைனல் ஸோன். அங்கே ஒரு ரிங்கும் இல்லை, ஓர் அடி பட்டால் உயிர் போகும். மேலும் கீழுமாக நசுக்கும் தூண்களில் ஒன்றுக்குள் ரோபோட்னிக் ஒளிந்திருப்பார். அவர் தெரிகிற தூணை மட்டும் அடித்துவிட்டு உடனே விலகுங்கள். பிறகு மின்பந்துகள் மெல்ல இறங்கும், அவற்றுக்கிடையே இடம் பார்த்து நில்லுங்கள். இங்கும் 8 அடிதான்.

ஜெயித்தபின் சோனிக் கிரீன் ஹில்லுக்குத் திரும்புவான். 6 மரகதமும் இருந்தால் மலையெங்கும் பூப்பூக்கும். இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல் ஓடியபின் ரோபோட்னிக் திரையில் வந்து, நீங்கள் விட்டுவைத்த மரகதங்களைத் தூக்கிப்போட்டுப் பிடித்து விளையாடுவார். எங்கள் வீட்டுப் பையன் இரண்டு மரகதத்தோடு அந்தக் காட்சிவரை போய்விட்டான். டாக்டர் மிச்சம் நாலையும் தூக்கிப்போட்டு ஆடுவதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தவன், ஒன்றும் பேசாமல் ஸ்டார்ட்டை அழுத்திக் கிரீன் ஹில் முதல் ஆக்ட்டுக்குப் போனான். முதல் சரிவு வந்ததும் வலது பொத்தானை விட்டுவிட்டுக் கீழே அழுத்தினான்.